இமைக்கு அடியில் ஓர் எறும்பு

ஒரே பூவை ஒரு நாளைக்கு நானூறு தடவை வரைந்தால் எந்தக் கைக்குத்தான் சலிப்புத் தட்டாது? தட்டுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் அவளுக்கு அதுதான் வேலை. வெள்ளைப் பூச்சுப் பூசின இரும்புத் தட்டுகள் வரிசையாக வரும். நடுவில் ஒரு ரோஜா, இரண்டு இலை, ஒரு மொட்டு. வரைந்து தள்ளினால் அடுத்தது வந்து நிற்கும். அதனால் அவளுக்கு ரோஜாக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது.

ஒரு நாள் கை சும்மா இருக்கவில்லை. ஒரு இலையில் புழு அரித்த ஓட்டை ஒன்று வைத்தாள். அடுத்த தட்டில் அந்தப் புழுவையே வைத்தாள். குண்டாக, பச்சையாக, சாப்பிட்ட களைப்பில் படுத்திருப்பது போல. மேற்பார்வையாளர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, இதுல சோத்தைப் போட்டுத் திங்கிறவன் கடைசியில புழுவைப் பார்த்தா என்ன ஆவான்?"

"நிஜ ரோஜாவுல இருக்குமே சார்."

"நிஜ ரோஜாவை யாரு கேட்டா? நம்ம ரோஜாவைப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ரோஜா அவள் கைக்கு வரவே அடம்பிடித்தது.

மூக்குக் கண்ணாடி வாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவள் அங்கே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். நுணுக்கமாக வரையத் தெரிந்தவர் தேவை என்று போட்டிருந்தது. கண் போனவர்களுக்குச் செயற்கைக் கண் செய்யும் அறைக்காம். அவள் புருஷன் பஸ் டிரைவர். வாயும் பஸ் மாதிரிதான், நிறுத்தத்தில் நிற்காது.

"கண்ணாடி வாங்கப் போனவ வேலையையும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்டா பாருங்க! அடுத்து மூக்கு வரையச் சொன்னா என் மூக்கைப் பார்த்து வரைஞ்சிடாதே. ஜனங்க பாவம்."

அந்த அறை மாடி நடையின் கடைசியில் இருந்தது. வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அச்சுகளை வேகவைக்கும் ஒரு மூடி போட்ட பாத்திரம், மூலையில் மெருகு போடும் சக்கரம். கண் குழியில் அளவு எடுத்து, மெழுகில் வார்த்து, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் முட்டை ஓட்டைப் போல ஒரு மூடி செய்வார்கள். அதில் கருவிழியை எழுதுவதுதான் இவள் வேலை. மூன்றே மயிர் உள்ள தூரிகை. நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, பிரித்து, மூச்சுப் பட்டால் பறக்கிற இழையாக்கி ஒட்ட வேண்டும். மேலே தெளிந்த பிளாஸ்டிக் ஊற்றி வேகவைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் தொட முடியாது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிவது போல உள்ளே தெரியும்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் அவள் வாய்க்குள் ஒரு வேண்டுதல் சொல்லுவாள். "ஆண்டவனே, நீ போட்டதைப் பார்த்து நான் போடறேன். கோணாமப் பார்த்துக்கோ."

முதன்முதலில் அவள் கண் செய்து கொடுத்தது ஒரு மூட்டை தூக்குகிறவருக்கு. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவினார். பல வருஷமாகக் கண்ணாடியே பார்த்திராத மனுஷர். அன்று வீட்டுக்கு வந்து அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். துக்கம் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை லட்சம் ரோஜாவோ, ஒருவரும் ஒரு ரோஜாவைப் பார்த்துத் தலை சீவினதில்லை.

அந்த வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. ஆஸ்பத்திரி வழக்கப்படி, வந்தவர் முதலில் கீழே பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மாடிக்கு வர வேண்டும். டாக்டர் நல்ல கண்ணைச் சோதிக்க மருந்துத் துளி விடுவார். துளி விட்டால் நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பா பெரிதாக விரிந்து, சுற்றியிருக்கும் நிறம் ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்கிப் போகும். அதைப் பார்த்து என்னத்தை எழுத? சாயங்காலம் வரை காத்திருந்தால் வெளிச்சம் போய்விடும். எனவே இவளாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். "முதல்ல எங்கிட்ட வாங்க. எழுதி முடிச்சதும் கீழே போய்க் காட்டிக்கலாம்." கண்கள் அச்சாக அமைந்தன. டாக்டரே மெச்சினார். எப்படி இவ்வளவு பொருத்தம் என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

குட்டி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண் குழந்தை முதலில் வந்தபோது அதற்கு இரண்டு வயசு. கண்ணுக்குள் கட்டி. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு முகம் வளர வளரக் கண் சின்னதாகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை புதுக் கண் வேண்டும். மூன்று வயசில் வந்தபோது அதற்கு நன்றாக வாய் முளைத்திருந்தது.

"அத்தை, என்ன போடறே?"

"உன் கண்ணு."

"எறும்பு போடு."

"கண்ணுக்குள்ள எறும்பு போனா கடிக்குமே?"

"கடிக்காது. அது என் எறும்பு."

அதன் அம்மா, ஒல்லியாக, எப்போதும் தோளில் ஒரு கனத்த துணிப்பையோடு இருப்பவள், "சும்மா இருடீ, அத்தை வேலை செய்யட்டும்" என்று அதட்டினாள். ஆனால் ரோஜாக்காவின் கை ஏற்கெனவே தூரிகையைக் கறுப்பில் தோய்த்துவிட்டது. புழு போட்டதே, அதே கைதான். மேல் இமை மூடிக்கொள்ளும் இடத்தில், வெளியே யாருக்கும் தெரியாமல், கடுகில் பாதி அளவுக்கு ஓர் எறும்பு. ஆறு காலும் இருந்தன. கண்ணைக் கழற்றிக் கழுவும்போது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எந்தச் சேதி நின்றது? அடுத்த மாதமே பிள்ளைகள் குடை கேட்டார்கள், நிலா கேட்டார்கள், காற்றாடி கேட்டார்கள். ஒரு லாரிக்காரர் தன் வண்டி நம்பரைப் போடச் சொன்னார். ஒரு காவலர் தொப்பி போட முடியுமா என்று வெட்கப்பட்டுக் கேட்டார். பெரிய டாக்டர் ஒரு தடவை மேலே வந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரியா, பொம்மைக் கடையா?" என்றார். பிறகு தன் பூதக் கண்ணாடியில் ஒரு காற்றாடியைப் பார்த்துவிட்டு, வால் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தப் பிள்ளை வரும், என்ன கேட்கும் என்று நினைத்துக்கொண்டே அவள் பல் துலக்குவாள். வேலை என்றால் வயிற்றுக்கு என்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது மனசையும் நிரப்பும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நாலு வயசில் குட்டி நத்தை கேட்டது. அஞ்சு வயசில் சைக்கிள்.

"சக்கரத்துக்குக் கம்பி வேணும் அத்தை."

"கம்பி எதுக்குடீ? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

நியாயம்தானே? கம்பி போட்டாள். ஒரு சக்கரத்துக்குப் பத்து. அதற்குள் பொழுது ஓடியது. அன்று கருவிழியை எழுதும்போது இன்னொன்றையும் பார்த்தாள். குட்டியின் நல்ல கண்ணில், அந்தக் கறுப்புக்கு உள்ளே, ஒரு வெளிறின மினுக்கம். பூனைக் கண்ணில் வெளிச்சம் பட்டாற்போல. ஜன்னல் நிழலாடுகிறது என்று நினைத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். நேராகப் பார்த்தால் இல்லை. குட்டி ஓரமாகப் பார்த்தால் இருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை கண் எழுதியும் இப்படி ஒரு ஒளியைப் பார்த்ததில்லை. வெள்ளையில் மஞ்சளை ஊசி முனையளவு குழைத்து, கறுப்புக்குள் ஓரமாக ஒரு தொடு தொட்டாள்.

"அக்கா, அச்சு அசல்!" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசிரு இருக்கு அக்கா இதுல."

வேகவைத்து மெருகு போட்டு மாட்டி முடித்தபோது கீழே டாக்டர் போய்விட்டிருந்தார். நாளைக்கு வரச் சொன்னார்கள். அவர்களுக்கு வீடு பஸ்ஸில் ஏழு மணி நேரம். தங்க இடமில்லை. "அடுத்த மாசம் வந்து காட்டிடும்மா" என்று ரோஜாக்காதான் சொல்லி அனுப்பினாள். அடுத்த மாதம் குட்டிக்கு அம்மை. அதற்கடுத்து அப்பாவுக்கு லீவு இல்லை. சொன்னால் எல்லாம் சின்னச் சின்னக் காரணம்தான்.

எட்டு மாதம் கழித்து வந்தார்கள். குட்டி சுவரைத் தடவிக்கொண்டு வந்தது.

வலது கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியதே பெரிசு என்றார்கள். புண் ஆறியபின் அளவு எடுக்க ரோஜாக்காவைக் கீழே டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் அளவுப் பெட்டியோடு கதவருகே நின்றாள். டாக்டர் கோபக்காரர் இல்லை. அன்று குரல் உயர்ந்துவிட்டது.

"ஆறு, ஏழு மாசம் முன்னாடியே கண்ணுக்குள்ள வெள்ளையா மினுங்கியிருக்கும். அப்போவே வந்திருந்தா இந்தக் கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்ல ஒருத்தரும் பார்க்கலையா?"

குட்டியின் அப்பா பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாள் பூரா கூடவே இருக்கிறவ நீ. உன் கண்ணு என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

அவள் தோளில் பையைச் சரிசெய்தாள்.

டாக்டர் சொன்ன வெள்ளை மினுக்கம் எது என்று அந்த அறையில் ரோஜாக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதைப் பார்த்தாள். அழகு என்று நினைத்தாள். வர்ணம் குழைத்து வரைந்தும் வைத்தாள். வாய் திறக்கவில்லை. அன்று அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் முதல் தடவையாகச் சிரிப்புப் பேச்சுப் பேசவில்லை.

"நீ டாக்டரா? உனக்கு எப்படித் தெரியும் அது நோயின்னு?"

"பார்த்தது நான்தாங்க. டாக்டர்கிட்ட போகவிடாம நாள் பூரா உட்கார வச்சதும் நான்தான். சைக்கிளுக்குக் கம்பி போட்டுட்டு இருந்தேன்."

"சரி, சொல்றே. போன கண்ணு வந்துடுமா? உன் வேலை போகும். அவ்வளவுதான். இந்த வேலைக்கு வந்த அப்புறம்தான் நீ மனுஷியா இருக்கே. நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்?" சற்றுப் பொறுத்து, "வாயைக் கொடுத்து மாட்டிக்காதே" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவள் கும்பிட உட்கார்ந்தாள். "நீ போட்டதைப் பார்த்து நான் போடறேன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆண்டவன் அவளுக்கு முன்னால் அதை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டுதானே இருந்தான்?

மறுநாள் அந்த அம்மா தனியாக மாடிக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். போன வருஷத்துக் கண்.

"பார்த்து எழுத இனிமே அவகிட்ட கண்ணு இல்ல. இதைப் பார்த்து எழுதுவீங்களா அக்கா? வேற யாரோ கண்ணு மாதிரி இருந்துடக் கூடாது. என் பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்கணும்."

ரோஜாக்கா அதை உள்ளங்கையில் வாங்கினாள். ஓரத்தில் சைக்கிள், கம்பிகளோடு. நடுவில், கறுப்புக்குள், அந்த வெளிறின தொடு. அந்தப் பிள்ளையின் கண் எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதிலும் நோயைச் சேர்த்து எழுதி வைத்திருந்தாள்.

"உக்காரும்மா" என்றாள். "இதுல ஒண்ணு இருக்கு. பாரு. டாக்டர் சொன்ன வெள்ளை இதுதான். அன்னைக்கு நான் பார்த்தேன். வெளிச்சம்னு நினைச்சேன். நல்லா இருக்கேன்னு போட்டுட்டேன். டாக்டர்கிட்ட உங்களை முதல்ல போகவிடாததும் நான்தான்."

அந்த அம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "நான் இதைத் தினம் கழுவினேனே" என்றாள். அழவில்லை. "இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? உங்க பாரம் இறங்கவா?"

அந்தக் கண்ணை ரோஜாக்காவின் கையில் திருப்பி வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகும்? கீழே நடையில அவர் உக்கார்ந்திருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க. எங்க வீட்ல எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. பெத்தவளுக்குத் தெரியாமப் போகுமாங்கிறாங்க. டாக்டர் முன்னாடி வச்சே சொல்லுங்க."

மாடிக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் பதினெட்டுப் படி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை இறங்கினவை. அன்று ஒவ்வொன்றிலும் கால் வைத்துப் பார்த்து இறங்கினாள். குட்டியின் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, அந்தக் கண்ணை டாக்டர் மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். துளி விடும் முன்னால் எல்லோரையும் தன்னிடம் வரச் சொன்னதையும் சொன்னாள்.

டாக்டர் பூதக் கண்ணாடியில் பார்த்தார். அன்று காற்றாடியின் வாலைப் பார்த்த அதே கண்ணாடி. "எத்தனை பேரை அம்மா இப்படி மேலே கூப்பிட்டுக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரையும் சார்."

குட்டியின் அப்பா திட்டுவார் என்று ரோஜாக்கா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் எழுந்து போய்ப் பெண்டாட்டியின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கையை எடுக்காமல் பையின் காதைப் பிடித்தபடியே நின்றாள்.

கதவில் அன்றைக்கே புதுக் காகிதம் ஒட்டினார்கள்: டாக்டரிடம் காட்டிய சீட்டு இல்லாமல் மாடிக்கு வரக்கூடாது. கண் எழுதும் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அவளே முடித்துக் கொடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாதான் அப்படிக் கேட்டாளாம்.

நாலு நாள் எழுதினாள். எதிர் நாற்காலியில் குட்டி கண்ணில் கட்டோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பார்த்து எழுத எதுவும் இல்லை. பழைய கண்ணிலிருந்து நிறத்தை எடுத்தாள். அந்த வெளிறின தொடு இருந்த இடத்தில் சுத்தக் கறுப்பை வைத்தாள். மூன்று தடவை வைத்தாள்.

"அத்தை, இந்தத் தடவை எறும்பு. ரெண்டுலயும்."

அவள் கை நின்றது. "வேண்டாம்டீ குட்டி."

"ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். நடுவுல மூக்கு. அதுங்க ரெண்டும் பேசிக்கட்டும். எனக்கு இருட்டா இருக்குல்ல? பேச்சுத்துணைக்கு."

போட்டாள். மூக்கைப் பார்த்தபடி எதிரெதிரே இரண்டு எறும்பு. ஆறாறு கால். அதோடு தூரிகையைக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினாள்.

அவளை அனுப்பிவிடவில்லை. மூலையில் இருந்த மெருகுச் சக்கரத்தில் உட்கார வைத்தார்கள். புதிதாக வந்தவர் படித்தவர். அளவாக எழுதுவார். இமைக்கு அடியில் ஒன்றும் போட மாட்டார். சக்கரத்தில் கண்ணைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். வழவழப்பு வந்ததும் அடுத்தது. தட்டு வந்த மாதிரியே கண்கள் வரிசையாக வந்தன. புருஷன், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதுவும் சேர்த்து அவளுக்குப் பாரமாக இருந்தது.

அடுத்த வருஷம் அவர்கள் வந்தார்கள். புதியவர் ஒரு ஜோடி எழுதி முடித்து மெருகுக்கு அனுப்பினார். ரோஜாக்கா அதைத் தேய்த்து, கழுவி, குட்டியின் உள்ளங்கையில் வைத்தாள். குட்டி விரல் நுனியால் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தது. இரண்டும் கண்ணாடித் துண்டு போல வழுக்கின.

"அத்தை, இதுல யாராவது இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். தொட்டுப் பார்த்துத் தெரியாது. அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லடீ குட்டி. இதுல யாரும் இல்ல."

குட்டி உதட்டைப் பிதுக்கியது. பின்னால் நின்ற அம்மா அதுவரை ரோஜாக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போதும் பார்க்கவில்லை. பையிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது சின்னதாயிடுச்சு. இருந்தாலும் எங்க போனாலும் கையில வச்சுக்கிட்டே இருக்கா. கீறல் விழுந்திருக்கு. மெருகு போட்டுக் கொடுங்க."

எறும்பு போட்ட அந்த ஜோடிதான். ரோஜாக்கா ஒன்றை எடுத்துச் சக்கரத்தில் பிடித்தாள். கீறல் போக வேண்டும். மேலே இருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் மெல்லிசு. கொஞ்சம் அழுத்திவிட்டால் எறும்பின் கால் போய்விடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இலேசாக, மிக இலேசாக, தேய்க்கத் தொடங்கினாள்.